குழந்தைவேலு படிக்காத பக்கங்கள்

ஜூன் 5, திங்கள்

ஒரு ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். அதற்காகத்தான் இன்று இந்த டைரியைத் திறக்கிறேன். நூல் கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்தது, அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது.

ஆளின் பெயர் குழந்தைவேலு. எங்கள் பனியன் கம்பெனியின் தொழிலாளர் ஆலோசகர். மதியம் கேன்டீனில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஆயுத பூஜைக்குப் புது மெஷின்கள் வருகின்றனவாம். அதிலிருந்து காலை எட்டரைக்குப் பதில் எட்டு இருபதுக்கே மெஷின் ஓட வேண்டும். இரண்டு டீ இடைவேளையிலும் ஐந்தைந்து நிமிடம் குறையும். ஆகமொத்தம் நாளுக்கு இருபது நிமிடம்.

நான் எழுந்து கேட்டேன். "ஏனுங்க, மெஷின் வேகமா ஓடுனா நம்ம நேரம் குறையணுமுங்களே. ஏன் கூடுது?"

அவர் சிரித்தார். "அம்மிணி பொருளாதாரம் பேசறீங்களா? தொழிலாளிங்களோட வேதம்னு ஒரு பெரிய புஸ்தகம் இருக்குதுங்க. அதை மூணு தடவை கரைச்சுக் குடிச்சவன் நான். நீங்க மொத அத்தியாயத்தை முடிச்சுட்டு வாங்க. அப்புறம் உக்காந்து பேசலாம்."

இருநூறு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து மெஷினில் பதினோரு வருடமாக இருக்கும் பேபியக்காவும் சிரித்தாள்.

அவருக்குத் தெரியாது, அந்தப் புத்தகம் என் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சென்னியப்பனுடையது. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். செங்கல் கனம். தொள்ளாயிரத்து நாலு பக்கம். ஒப்பந்தப் பேச்சுவார்த்தை செப்டம்பர் 26. எண்ணினால் நூற்றுப் பதின்மூன்று நாள். நாளுக்கு எட்டுப் பக்கம் சரியாக வருகிறது.

ஜூன் 6, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பக்கம். ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

மூன்று நாளாக அதே இரண்டு பக்கம். மொழிபெயர்த்தவர் மூச்சு விடாத மனிதராக இருக்க வேண்டும். 'ஆகவே' என்று தொடங்குகிற வாக்கியம் பக்கம் திரும்பிப் போய் 'ஆகிறது' என்று முடிகிறது. நடுவில் என்ன ஆனது என்று தெரியவில்லை. அடிக்குறிப்புகள் வேறு, மேலே இருப்பதைவிட நீளம். நான் பத்தாவது வரை படித்தவள். தமிழ்தான், எழுத்தெல்லாம் தெரிகிறது, அர்த்தம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது.

புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம் குழந்தைவேலுவின் சிரிப்பை நினைத்துக்கொள்கிறேன். கடைவாயில் ஒரு தங்கப் பல். உடனே அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

புத்தகத்தில் சென்னியப்பனின் பென்சில் கோடுகள். அடியில் கோடு, ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறி. நான் தடுக்கி விழுகிற அதே இடத்தில் அவரும் விழுந்திருக்கிறார்.

அப்போது குழந்தைவேலு 'தோழர் குழந்தைவேலு'. சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் புத்தகத்தை வைத்து வகுப்பு எடுப்பார். சென்னியப்பன் கட்டிங் பிரிவில் இருந்தார், ஒரு வகுப்பு விட மாட்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலைநிறுத்தம் வந்தது. பத்தொன்பது நாள் நின்று உடைந்தது. கம்பெனி பதின்மூன்று பேரை வெளியே அனுப்பியது. அந்தப் பட்டியலில் சங்கத்தின் சார்பாகக் கையெழுத்துப் போட்டவர் தோழர் குழந்தைவேலு. பதின்மூன்றில் ஒருவர் சென்னியப்பன். இன்னொருவன் பேபியக்காவின் தம்பி. அவன் சூரத் பக்கம் போனவன், இன்னும் ஊர் திரும்பவில்லை. இரண்டே வருடத்தில் தோழர் சங்கத்தை விட்டு ஆலோசகர் ஆனார், காரில் வந்து இறங்கினார். சென்னியப்பன் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேனாகி, நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல் நாற்காலியிலேயே போய்விட்டார்.

வேலைநிறுத்தம் எப்படி உடைந்தது என்று எழுத ஒன்றும் இல்லை. அப்போது சுபிக்ஷாவுக்கு ஏழு வயது. காய்ச்சல்.

ஜூன் 19, திங்கள்

ஒரு இடம் திறந்தது!

ஒரு பொருளின் மதிப்பு அதற்குள் போன உழைப்பு நேரம் என்கிறது புத்தகம். எனக்கு உடனே சந்தேகம். டீ நேரத்தில் பேபியக்காவிடம் கேட்டேன்.

"ஏன்க்கா, நான் ஒரு டீ சர்ட்டுக்குக் கை வெச்சுத் தைக்க ரெண்டு நிமிஷம். நீ நாலு நிமிஷம். அப்ப உன்ற சர்ட்டுக்கு என்ற சர்ட்டை விட மதிப்பு டபுளா?"

"ஏன் புள்ள, காலங்காத்தால என்னைச் சோம்பேறிங்கறியா?"

"இல்லக்கா, புஸ்தகத்துல…"

"அதைத் தலைக்கு வெச்சுப் படு. கழுத்து வலியாவது வரும்."

வீட்டுக்கு வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அதே கேள்விக்கு அங்கே பதில். மெதுவாகச் செய்கிறவள் கணக்கு இல்லை, வேகமாகச் செய்கிறவள் கணக்கும் இல்லை, ஊரில் சராசரியாக எவ்வளவு நேரம் பிடிக்குமோ அதுதான். எழுதியவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்தேன், அதற்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். குழந்தைவேலு மாதிரிச் சிரிக்கவில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில் சென்னியப்பனின் கேள்விக்குறி இருந்தது. அதை அவரே அடித்து, பக்கத்தில் 'சரி' என்று எழுதியிருந்தார்.

ஜூலை 2, ஞாயிறு

எட்டுப் பக்கக் கணக்கு எப்போதோ போய்விட்டது. இன்று வரை எழுபது பக்கம். இதில் பாதி புரிந்தது என்று சொன்னால் பொய்.

சுபிக்ஷா பி.காம் இரண்டாம் வருடம். போனைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அம்மா, உலகத்துல எல்லாருமே மொத பகுதியிலதான் படுத்துக்கறாங்களாம். நடுவுல வேலை நேரத்தைப் பத்தி ஒரு அத்தியாயம் வருது, அங்கருந்து ஆரம்பிச்சுட்டுத் திரும்பி வரணுமாம்."

"அப்படிப் படிக்கலாமா?"

"யாரு உனக்குப் பரீட்சை வெக்கப் போறா?"

ஒருத்தர் வைக்கப் போகிறார். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

அந்த அத்தியாயத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ரசம் சிந்தி ஒரு பக்கம் மஞ்சளாகிவிட்டது.

ஏதோ ஒரு குளிர் தேசம், எந்தக் காலமோ. ஆனால் முதலாளி சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நிமிடம் பிடுங்குகிறார், காலையில் மூன்று நிமிடம் பிடுங்குகிறார், அதைத் தடுக்க ஒரு சட்டம் வருகிறது, சட்டத்தைச் சுற்றி ஒரு சந்து வெட்டுகிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பது வரைக்கும் இருக்கிறது. கட்டிங் மேஜையில் துணியை விரித்து எங்கே கத்தரி போடுவது என்று பார்ப்பார்கள் அல்லவா, அதே மாதிரி ஒரு மனுஷியின் நாளை விரித்து வைத்திருக்கிறார்கள். கத்தரி யார் கையில் என்பதுதான் சண்டை.

இருபது நிமிடத்தில் நான் பத்து சட்டைக்குக் கை வைக்கிறேன். இருநூறு பேரும் வருடம் முழுக்க இப்படி என்றால்? டைரி ஓரத்தில் போட்டுப் பார்த்து, நம்பாமல், சுபிக்ஷாவிடம் கால்குலேட்டரில் சரிபார்க்கச் சொன்னேன்.

"யாரும்மா இத்தனை சட்டையைச் சும்மா தெச்சுக் குடுக்கறது?"

"நாங்கதான், கண்ணு."

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. அரை நாள் லீவு. பன்னிரண்டு பக்கம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று நான் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

இரண்டு விஷயம். முதலாவது, மெஷின்களைப் பற்றிய அத்தியாயம். ஐந்நூறாவது பக்கத்துக்கு அப்புறம் வருகிறது. நான் கேன்டீனில் எழுந்து கேட்ட அதே கேள்வி அங்கே இருக்கிறது. மெஷின் உழைப்பைச் சுருக்குகிறது, ஆனால் முதலாளி கையில் இருக்கும்போது நாளை நீட்டிவிடுகிறது, ஏன்? பெரிய விலைக்கு வாங்கியது சும்மா நிற்கக் கூடாது, அடுத்த புது மெஷின் வருவதற்குள் இதைப் பிழிந்துவிட வேண்டும். மூன்று தடவை படித்தேன். ஒரு எழுத்துக்கூட என்னிடமிருந்து தப்பவில்லை.

இரண்டாவது இதைவிட இனிப்பு. முன்பக்கம் திரும்பிச் சென்னியப்பனின் கோடுகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தேன். நூற்று முப்பதாம் பக்கம். அதற்குப் பிறகு ஒரு கோடு இல்லை. அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் மூன்று தேதிகள், மூன்றும் வெவ்வேறு வருடம். கீழே, 'மூன்றாவது தடவையும் இங்கேயே வகுப்பு நின்றது. தோழர் மறுபடி முதலில் இருந்து தொடங்கலாம் என்கிறார்.'

மூணு தடவை கரைச்சுக் குடிச்சவர்! அதே நூற்று முப்பது பக்கத்தை!

சமையல்கட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டம்மா என்னவென்று எட்டிப் பார்த்தார். பால் பொங்கிவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பேச்சுவார்த்தைக்கு எங்கள் பக்கம் ஐந்து பேர். பேபியக்கா என் பெயரையும் கொடுத்துவிட்டாள். "நீதான் செங்கல்லைச் சுமந்துட்டுத் திரியறியே, வந்து அதை அவன் தலையில போடு."

எப்படிப் போடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் அவரைப் பேச விட வேண்டும். நன்றாக ஏற விட வேண்டும். ஏணியை எடுப்பது அதற்கு அப்புறம்தான். தலைகுனிவதோடு நிறுத்தக் கூடாது. காரில் ஏறும்போது டிரைவர் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருக்க வேண்டும். சாயப்பட்டறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரமாவது தெரிய வேண்டும்.

செப்டம்பர் 18, திங்கள்

மதியம் குழந்தைவேலு போன் செய்தார். நான் புத்தகத்தோடு திரிவது அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"அம்மிணி, பேச்சுவார்த்தைக்கு வர்றீங்களாமா. சந்தோசம். ஒண்ணே ஒண்ணு. ஸ்ட்ரைக்கோட பத்தொம்பதாம் நாள் கேட்டுக்குள்ள மொதல்ல போனது யாருன்னு எனக்குத் தெரியும். பேபிக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்னு நினைக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தைத்த பதினாறு பீஸையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டி வந்தது.

செப்டம்பர் 19, செவ்வாய்

சரி. எழுதுகிறேன்.

முதலில் போனது நான்.

அப்போது நான் ஹெல்பர். துணி மடிப்பது, நூல் வெட்டுவது, பீஸ் தூக்கிக் கொடுப்பது. பதினெட்டாம் நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, நாளைக் காலையில் யார் முதலில் உள்ளே வருகிறார்களோ அவர்களுக்கு மெஷின் என்றார். டைலர் வேலை. நான் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மெஷின். காலையில் பின்பக்கக் கேட் வழியாகப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பெண்கள் சிலர், யார் என்று சரியாகத் தெரியாவிட்டாலும், யாரோ போய்விட்டார்கள் என்று மறுநாள் நாற்பது பேராக உள்ளே வந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது.

சுபிக்ஷாவுக்குக் காய்ச்சல் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அந்தக் காய்ச்சல் அதற்கு ஒரு வாரம் முன்பே விட்டிருந்தது.

சென்னியப்பனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து அவர் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசினார். சாகும் வரை. குழந்தைவேலுதான் சொல்லியிருக்க வேண்டும். வேலையைப் பறித்தது போதாதென்று என் வீட்டுக்குள்ளும் கை விட்டவர் அந்த ஆள். பதினோரு வருடமாக நான் அவரை வெறுப்பது அதற்காகத்தான்.

இப்போது அதையே காட்டி என்னை வாயை மூடச் சொல்கிறார். மூட மாட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஆபீஸ் மீட்டிங் ரூம். ஏ.சி. குளிர். மேஜைக்கு அந்தப் பக்கம் சின்ன முதலாளி (வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன்), இரண்டு மேனேஜர்கள், குழந்தைவேலு. இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் மடியில் வைத்திருந்தேன்.

அவரை ஏற விட்டேன். நன்றாக ஏறினார்.

"தொழிலாளிங்க பக்கம் நின்னு யோசிச்சவங்களே எழுதி வெச்சிருக்காங்க. மெஷின் வந்தா பாரம் குறையும். பாரம் குறையற எடத்துல இருபது நிமிஷம் சேர்த்து நின்னா தேய்ஞ்சா போயிருவாங்க?"

"எந்தப் பக்கமுங்க?" என்றேன்.

"பக்கமா?"

"எழுதி வெச்சிருக்காங்கன்னீங்களே. எந்தப் பக்கத்துலீங்க?"

பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். "காட்டுங்."

சின்ன முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குழந்தைவேலு புத்தகத்தைத் திறந்தார். முப்பதாம் பக்கம். அறுபது. நூறு. திரும்பவும் முப்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் எதையாவது தேட வேண்டுமென்றால் அவருக்குப் போகத் தெரிந்த இடம் அவ்வளவுதான். நான் அவசரப்படவில்லை. ஏ.சி.யின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதின்மூன்று நாளும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அதை மென்று தின்றேன்.

"இன்னும் நானூறு பக்கம் தாண்டி வாங்க," என்றேன். "நீங்க அங்க வந்ததே இல்லீங்க. மூணு தடவையும் நூத்தி முப்பதுல இறங்கிட்டீங்க."

பிறகு சின்ன முதலாளியைப் பார்த்து என் வார்த்தையில் சொன்னேன். "மெஷின் விலை ஜாஸ்தி, சும்மா நிக்க விட முடியாது, அதனால எங்களை நீட்டறீங்க. அதுதானுங்க காரணம். அதைச் சொல்லிக் கேளுங்க, பேசலாம். எங்க பாரம் குறையுதுன்னு எங்ககிட்டயே சொல்லாதீங்க."

அந்தப் பையன் குழந்தைவேலுவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். நான் ஒத்திகையில் நினைத்தது எதிலும் இந்தச் சிரிப்பு இல்லை. இது அதைவிட நன்றாக இருந்தது. குழந்தைவேலுவின் கழுத்து சிவந்தது. என்னைப் பார்த்தார். வரப்போவது தெரிந்தது.

"ரொம்ப நியாயம் பேசறவங்க, பதினோரு வருசம் முன்னால…"

"நானே சொல்லிக்கறேனுங்க," என்று எழுந்தேன். என் பக்கத்து நாலு பேரையும் பார்த்துச் சொன்னேன். "பத்தொம்பதாம் நாள் பின்பக்கக் கேட்டுல மொதல்ல உள்ள போனது நான்தான். மெஷினுக்காகப் போனேன். நான் போகலீன்னா ஸ்ட்ரைக் இன்னும் நின்னிருக்கும்."

பேபியக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனாள்.

இருபது நிமிடம் ரத்தாகிவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று எழுதிக் கையெழுத்தானது.

செப்டம்பர் 28, வியாழன்

பேபியக்கா சூப்பர்வைசரிடம் கேட்டு மூன்றாவது வரிசைக்கு மெஷின் மாற்றிக்கொண்டாள். குறுக்கே போய் நின்றேன்.

"என்ற தம்பி கல்யாணத்தையே போன்லதான் பார்த்தேன்," என்றாள். "நகரு, டார்கெட் இருக்குது."

நகர்ந்தேன்.

அக்டோபர் 4, புதன்

குழந்தைவேலுவை நிறுத்திவிட்டார்கள். இனி ஆலோசகர் தேவையில்லையாம். செக்யூரிட்டி சொன்னார், தன் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அவரே தூக்கிக்கொண்டு போனாராம். இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

பதினோரு மணி வெயிலில் வாசலில் குழந்தைவேலு நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார் போல, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"சண்டைக்கு வரலீங்க," என்றார். "சென்னியப்பன் என்கிட்ட ஒரு சத்தியம் வாங்கியிருந்தான். நீங்களே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டதால அது முடிஞ்சு போச்சு. அதான் வந்தேன்."

"உங்க வாயில அவர் பேரு வேண்டாமுங்க."

அவர் நிறுத்தவில்லை. வேலைநிறுத்தம் உடைந்த மறுநாள், உள்ளே போனவர்கள் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்குச் சங்கத்தில் ஒரு பட்டியல் தயாரானதாம். முதல் பெயர் என்னுடையது. அன்றைக்கே கம்பெனியும் வெளியே அனுப்பப் பதின்மூன்று பேரின் பெயரைச் சங்கத்திடம் கேட்டிருந்தது. பன்னிரண்டு பெயர் எழுதியாகிவிட்டது, பதின்மூன்றாவது யாரென்று தெரியாமல் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். அப்போது சென்னியப்பன் போயிருக்கிறார்.

"அவனுக்கு அன்னிக்குக் காலையிலயே தெரியும். நீங்க பின்பக்கம் போனதைப் பார்த்திருக்கான். 'பதிமூணாவதா என் பேரை எழுதிக்குங்க தோழர், அவ பேரு எங்கயும் வரக் கூடாது'ன்னான். உள்ள போனவங்க பட்டியலை அவனே கிழிச்சான்."

"தெரிஞ்சும் அவர் ஏன் என்கிட்டக் கேக்கலை?"

"நானும் அவன்கிட்ட அதையே கேட்டேனுங்க. 'அவளே ஒரு நாள் சொல்லுவா, அது வரைக்கும் நான் கேக்க மாட்டேன்'னான்."

சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆள் பாரத்தை இறக்கி வைக்க வந்தாரா, மேஜையில் நான் செய்ததற்கு என்னைத் திருப்பி அடிக்க வந்தாரா, தெரியவில்லை. அடிக்கத்தான் வந்தார் என்றால் சரியான இடம் பார்த்து அடித்திருக்கிறார். மன்னிக்க மாட்டேன். ஒருத்தன் வந்து என் பெயரை எழுது என்றால் எழுதிவிடுவதா? பன்னிரண்டுக்கு மேல் முடியாது என்று கம்பெனியிடம் சொல்லியிருக்கலாம். எழுதியது அவர் கை.

ஏழு வருடம். தினம் காலையில் சென்னியப்பன் சாயப்பட்டறை ஷிப்ட் முடிந்து வந்து, நான் தட்டு வைக்கும்போது ஒரு முறை என் முகத்தைப் பார்ப்பார். வெறுப்பு என்று நினைத்து நான் சாம்பார் பாத்திரத்தைப் பார்ப்பேன்.

சுபிக்ஷா குளித்துவிட்டு வந்தாள். "யாரும்மா அது?"

"உங்கப்பாவைத் தெரிஞ்சவர்."

"என்ன சொன்னார்?"

அவளை உட்காரச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.